மின்னல் மூட்டும் காட்டுத் தீ



இடியும் மின்னலும் நமக்குப் புதியவை அல்ல. உலகில் மிகுதியாக இடி இடிக்கும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. பிற்பகலில் வானம் கறுத்துவிட்டால், வெளிக்காட்டில் இருப்பவர்கள் கையில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு கொட்டகையை நோக்கி ஓடுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இடி விழுந்த தென்னை குருத்துக் கருகி மொட்டையாக நிற்பதையும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த ஒற்றைத் தென்னையிலிருந்து தீ கிளம்பித் தோட்டம் முழுவதும் எரிந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அநேகமாக இராது. நம் நாட்டில் மின்னலோடு மழையும் சேர்ந்தே வருகிறது. மின்னல் வைத்த நெருப்பை அடுத்த நிமிடமே மழை அணைத்துவிடுகிறது.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் கதை வேறு. அங்கே கோடைக் காலத்தில் இடி இடிக்கும், மின்னல் வெட்டும். மழை மட்டும் தரைக்கு வந்து சேராது. மேகத்திலிருந்து இறங்கும் துளிகள் வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். இதை வறண்ட இடி என்கிறார்கள். அந்த மலைகளில் பரந்து கிடப்பவை பைன் என்னும் ஊசியிலை மரக் காடுகள். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் கூம்பு வடிவில் ஒரு மரத்தைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு உறவுக்கார மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பைன் மரத்தின் பட்டையிலும் கட்டையிலும் பிசின் உண்டு. அதன் காய்ந்த ஊசியிலைகள் தரையில் மெத்தைபோல் கிடக்கும். பால்மரக் காட்டில் இலையுதிர் காலத்தில் நடந்தவர்களுக்கு இந்த மெத்தை எப்படிப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு சிகரெட்டுத் துண்டு விழுந்தால் போதும் என்று பயந்துதானே அந்த நாட்களில் காவல் போடுகிறோம்.

மின்னல் பாயும் வழியில் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 30,000 பாகை செல்சியஸ் வரை ஏறும். சூரியனின் மேற்பரப்பைவிட அது ஐந்து மடங்கு சூடு. அந்தச் சூடு மரத்தின் வழியே இறங்கி, வேரடியில் மட்கிக் கிடக்கும் குப்பையில் ஒரு பொறியை வைத்துவிட்டுப் போய்விடும். உடனே தீ எழும்பும் என்று நினைக்காதீர்கள். விறகடுப்பு வைத்துச் சமைத்த தாய்மார்களுக்குத் தெரியும்: இரவு அணைத்த அடுப்பில் சாம்பலைக் கிளறினால் காலையிலும் தணல் இருக்கும். அதுபோலத்தான் இந்தப் பொறியும். ஒரு நாள், இரண்டு நாள், சில வேளைகளில் ஒரு வாரத்துக்கு மேலும் மட்குக்குள் கனன்று கிடக்கும். பிறகு ஒரு பிற்பகலில் காற்று எழும்பும்போது, மலை உச்சியில் காவல் கோபுரத்தில் இருப்பவர் தொலைவில் மெல்லிய புகைக் கோடு ஒன்றைக் காண்பார்.

அந்தப் புகையைக் கண்டதும் என்ன செய்வது? "இதில் கேட்க என்ன இருக்கிறது, அணைக்க வேண்டியதுதானே" என்பீர்கள். அமெரிக்கர்களும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணினார்கள். இப்போது அவர்கள் சில தீயை உடனே அணைக்கிறார்கள். சிலவற்றை எல்லை கட்டி எரிய விடுகிறார்கள். இந்த மாற்றம் எப்படி வந்தது, அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதே இன்றைய பேச்சு.

1910ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20, 21ஆம் நாட்களில் ஐடஹோ, மொண்டானா மாநிலங்களின் மலைக் காடுகளில் பெருங்காற்று எழுந்து, ஆங்காங்கே எரிந்துகொண்டிருந்த தீயை எல்லாம் ஒன்றாக்கிவிட்டது. இரண்டே நாட்களில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தீயணைக்கப் போன கூலியாட்கள். எட்வர்ட் புலாஸ்கி என்னும் வனக் காவலர் தம் ஆட்களை ஒரு பழைய சுரங்கத்துக்குள் ஓட்டிச் சென்று பெரும்பாலோரைக் காப்பாற்றினார். ஒரு பக்கம் கோடரியும் மறுபக்கம் மண்கொத்தியும் உள்ள ஒரு கருவி இன்றும் அவர் பெயரால் புலாஸ்கி என்றே அழைக்கப்படுகிறது. நம்முடைய மம்பட்டியையும் கோடரியையும் ஒரே காம்பில் பூட்டியதுபோல இருக்கும்.

அந்தப் பேரழிவுக்குப் பிறகு, காட்டுத் தீ என்றாலே பகை என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. 1935இல் அமெரிக்க வனத்துறை ஒரு விதி செய்தது. இன்று கண்ட தீயை நாளைக் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும். முடியாவிட்டால் மறுநாள் காலை 10 மணிக்குள். மனித நடமாட்டமே இல்லாத மலையில் மின்னல் மூட்டிய தீயானாலும் இதே விதிதான். பாதை இல்லாத இடங்களுக்கு வானூர்தியிலிருந்து பாராசூட்டில் ஆட்களை இறக்கினார்கள். 1940இல் தொடங்கியது இந்த வேலை.

அந்த விதியின் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தீயை அணைப்பதும் விளையாட்டல்ல என்பது அதில் தெரியும்.

1949 ஆகஸ்டு 5. மொண்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்னும் செங்குத்தான பள்ளத்தாக்கு. முன்நாள் இடியில் மூண்ட தீ ஒரு பக்கச் சரிவில் எரிந்துகொண்டிருந்தது. பெரிய தீ அல்ல. மாலை நான்கு மணி அளவில் பதினைந்து இளைஞர்கள் பாராசூட்டில் இறங்கினார்கள். அவர்களுடைய வானொலிக் கருவியைத் தாங்கிய பாராசூட்டு மட்டும் விரியாமல், கருவி தரையில் விழுந்து நொறுங்கியது. ஏற்கெனவே அங்கே தனியாகத் தீயோடு போராடிக்கொண்டிருந்த ஒரு வனக் காவலரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். ஆற்றை நோக்கிக் கீழே இறங்கிப் போகும்போது, எதிர்ச் சரிவில் இருந்த தீ பள்ளத்தாக்கின் வாயில் வழியாக இவர்கள் பக்கம் தாவிவிட்டதைத் தலைவர் வாக்னர் டாட்ஜ் கண்டார். முன்னே போக வழி இல்லை. திரும்பி மேலே ஓடச் சொன்னார். ஆனால் தீ மேட்டில் ஏறும்போது மனிதனைவிட வேகமாக ஓடும். அதன் சூடு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய்ச்சி வைத்துவிடுகிறது. தீ நெருங்கிய கடைசி நிமிடத்தில் டாட்ஜ் ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் தம் முன்னால் இருந்த புல்லுக்குத் தாமே நெருப்பு வைத்தார். அந்தப் புல் எரிந்து முடிந்த சாம்பல் நிலத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, "இங்கே வாருங்கள்" என்று கூவினார். ஆட்களுக்கு அவர் செய்தது விளங்கவில்லை. நெருப்புக்குப் பயந்து ஓடும்போது தலைவரே இன்னொரு நெருப்பை வைத்தால் யாருக்குத்தான் விளங்கும்? அவர்கள் கடந்து மேலே ஓடினார்கள். இருவர் மட்டும் பாறை இடுக்கு வழியாக மறுபக்கம் போய்த் தப்பினர். டாட்ஜ் எரிக்க ஒன்றும் மீதியில்லாத அந்தச் சாம்பலில் உயிரோடு கிடந்தார். மற்ற பதின்மூன்று பேரும் மாண்டனர்.

டாட்ஜ் செய்ததை இன்று தீயணைக்கும் தொழிலில் சேரும் ஒவ்வொருவருக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். எரிந்த இடத்தில் தீ திரும்ப வராது என்பதே அதன் அடிப்படை. சற்று நேரத்தில் இந்த உண்மை வேறொரு வடிவில் நமக்குப் பயன்படப் போகிறது.

முதலில் மரங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. பைன் மரங்களில் பல வகை உண்டு. எல்லாவற்றுக்கும் தீயோடு ஒரே உறவு இல்லை. அரிசோனா முதலிய பகுதிகளில் வளரும் பொண்டரோசா பைனுக்குப் பட்டை மிகத் தடிப்பு. வளர வளர அடிக் கிளைகளை உதிர்த்துவிடும். பழைய நாளில் அந்தக் காடுகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மின்னலால் சிறு தீ வரும். அந்நாட்டுப் பழங்குடி மக்கள் தாங்களாகவே நெருப்பு வைத்ததும் உண்டு. முழங்கால் உயரத் தீ, புல்லையும் சருகையும் இளங்கன்றுகளையும் தின்றுவிட்டுப் போய்விடும்; பெரிய மரத்தின் பட்டை கறுப்பதோடு சரி. காடு தோப்புப்போல இடைவெளியோடு நிற்கும். காலை 10 மணி விதி வந்த பிறகு இந்தச் சிறு தீ நின்றுபோயிற்று. கன்றுகள் எல்லாம் வளர்ந்து நெருக்கியடித்து நின்றன. கீழே சருகு, அதற்கு மேல் கன்று, அதற்கு மேல் கிளை என்று தீ உச்சிக்கு ஏற ஓர் ஏணியே அமைந்துவிட்டது. அப்புறம் வந்த தீ முழங்கால் உயரத்தோடு நிற்கவில்லை. மரத்தின் முடியிலிருந்து முடிக்குத் தாவியது. ஐம்பது ஆண்டுகள் அணைத்து அணைத்து மிச்சப்படுத்திய விறகெல்லாம் ஒரே நாளில் எரிந்தது.

லாஜ்போல் பைன் வேறு மாதிரி. நேராக, ஒல்லியாக வளரும். பழங்குடியினர் கூடாரக் கம்பாக இதைப் பயன்படுத்தினார்கள். பெயரும் அதனால் வந்ததே. இதற்குப் பட்டை மெல்லியது. தீ வந்தால் சாகும். ஆனால் சாவதற்கு முன்பே விதையைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும். பல மரங்களின் காய்கள் பிசினால் ஒட்டி மூடியே இருக்கும், பல ஆண்டுகள் திறக்கா. தீயின் சூட்டில் பிசின் உருகினால்தான் காய் வாய் திறந்து, சாம்பல் நிலத்தில் விதையை உதிர்க்கும். இந்தக் காடுகள் நூறு, இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிதாக எரிந்து, அடியிலிருந்து மறுபடி முளைப்பவை. இங்கே ஆண்டுதோறும் தீயை அணைத்ததால் பெரிய கேடு விளைந்தது என்று சொல்ல முடியாது. இதன் இயல்பே அதுதான். பலர் இந்த இருவகை மரங்களையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆகவேதான் பிரித்துச் சொன்னேன்.

இவற்றையெல்லாம் ஆராய்ந்த பிறகு, 1968இல் அமெரிக்க தேசியப் பூங்காத் துறை தன் கொள்கையை மாற்றியது. வனத்துறை அடுத்த பத்தாண்டில் காலை 10 மணி விதியைக் கைவிட்டது. மனிதன் வைத்த தீயை உடனே அணைப்பது. மின்னல் மூட்டிய தீயை, இடமும் காலமும் பொருந்தினால், கண்காணிப்போடு எரிய விடுவது. யெல்லோஸ்டோன் பூங்காவில் இது 1972இல் தொடங்கியது. உலகின் முதல் தேசியப் பூங்கா அது, 1872இல் அமைந்தது. நம் சிலாங்கூர் மாநிலத்தைவிடச் சற்றுப் பெரியது. அதன் காட்டில் பெரும்பகுதி லாஜ்போல் பைன்.

எரிய விடுவது என்றால் கைகட்டி நிற்பது என்று பொருள் கொள்ளாதீர்கள். புகை தெரிந்த நாளிலேயே பொறுப்பாளர் பல கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். தீ எங்கே இருக்கிறது, காற்று வீசும் திசையில் வீடு உண்டா, சாலை உண்டா, ஆறோ பாறையோ உண்டா? மழையோ பனியோ வர இன்னும் எத்தனை வாரம்? வேறு இடங்களில் எத்தனை தீ எரிகிறது, கையில் ஆள் மீதி இருக்கிறதா? கீழே விழுந்து கிடக்கும் கட்டைகளில் ஈரம் எவ்வளவு? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். புல் ஒரு மணி நேர வெயிலில் காய்ந்துவிடும். தொடை பருமன் உள்ள கட்டை காயவோ நனையவோ ஆயிரம் மணி நேரம், அதாவது ஆறு வாரம் ஆகும். ஆகவே அதற்கு ஆயிரம் மணி விறகு என்றே பெயர். அது ஈரமாக இருந்தால் தீ தவழும். காய்ந்துவிட்டால் ஒரு தூறலுக்கெல்லாம் அடங்காது.

விடுவது என்று முடிவானால், தீயைச் சுற்றிப் பல மைல் தொலைவில் ஓர் எல்லையை வரைபடத்தில் குறிப்பார்கள். ஆற்றங்கரை, பாறை முகடு, சாலை, சில ஆண்டுக்கு முன் எரிந்த பழைய காடு, இவையே வேலி. வேலி இல்லாத இடத்தில் ஆட்கள் இறங்கிச் சருகையும் மட்கையும் வழித்து, வெறும் மண் தெரியும்படி ஒரு பாதை வெட்டுவார்கள். லாலாங் புல்லில் தீ பரவாமல் நாம் வெட்டும் பாதைபோலத்தான். பிறகு, காற்று சாதகமான வேளை பார்த்து, அந்தப் பாதையிலிருந்து உள்பக்கமாகத் தாங்களே நெருப்பு வைப்பார்கள். பெரிய தீ அங்கே வந்து சேரும்போது எரிய ஒன்றும் இருக்காது. டாட்ஜ் ஒரு தீக்குச்சியால் செய்ததை இவர்கள் திட்டமிட்டுச் செய்கிறார்கள்.

வழியில் மரவீடு ஏதும் இருந்தால் கூரைமேலும் சுற்றிலும் கிடக்கும் ஊசியிலைகளைக் கூட்டி அள்ளி, சுவரைத் தீத் தாங்கும் அலுமினிய உறையால் போர்த்துவார்கள். எல்லையோரம் தீ அடங்கியதும், முட்டி போட்டுத் தவழ்ந்து, கையுறையைக் கழற்றிப் புறங்கையைச் சாம்பல்மேல் வைத்துச் சூடு பார்ப்பார்கள். உள்ளங்கையை வைத்தால் சுட்டுக்கொண்டு மறுநாள் வேலை செய்ய முடியாதே! காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் தாய் கை வைத்துப் பார்ப்பதுபோல, அடி அடியாக, மைல் கணக்கில் இப்படிப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

1972 முதல் 1987 வரை யெல்லோஸ்டோனில் 235 தீயை இவ்வாறு எரிய விட்டார்கள். எல்லாம் சேர்ந்து எரிந்தது சுமார் 34,000 ஏக்கர்தான். பதினைந்தைத் தவிர மற்றவை நூறு ஏக்கர்கூடத் தாண்டவில்லை. அத்தனையும் தானாகவே அணைந்தன. இதில் நம்பிக்கை வளர்ந்தது இயற்கையே.

பிறகு 1988 வந்தது. வசந்தத்தில் நல்ல மழை. அதனால் மின்னல் மூட்டிய சில தீயை வழக்கம்போல விட்டார்கள். ஜூன் மாதத்தில் மழை நின்றது, நின்றதுதான். அந்தப் பூங்காவில் பதிவான கோடைகளில் மிக வறண்டது அதுவே. கட்டைகளின் ஈரம் நூற்றுக்கு ஏழுக்கு இறங்கியது. சூளையில் வைத்து உலர்த்தும் பலகையில்கூடப் பன்னிரண்டு இருக்கும்! ஜூலை 21இல் எல்லாத் தீயையும் அணைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். காலம் கடந்துவிட்டது. மறுநாளே பூங்காவுக்கு வெளியே விறகு வெட்டியவர் போட்ட சிகரெட்டுத் துண்டிலிருந்து இன்னொரு தீ கிளம்பி, அந்த ஆண்டின் மிகப் பெரிய தீயாக வளர்ந்தது. அதை முதல் நாளிலிருந்தே அணைக்கப் பார்த்தும் முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகஸ்டு 20ஆம் நாள் ஒரே நாளில் ஒன்றரை லட்சம் ஏக்கர் எரிந்தது. தீப்பொறிகள் ஒன்றரை மைல் முன்னால் பறந்து விழுந்தன. ஆறும் பள்ளத்தாக்கும் தடையாகவில்லை. கோடைக் கணக்கில் சுமார் 25,000 பேர் பாடுபட்டனர். 12 கோடி டாலர் செலவாயிற்று. பூங்காவுக்கு வெளியே இரண்டு பேர் உயிரிழந்தனர். இத்தனைக்கும் பிறகு தீயை அடக்கியது மனிதன் அல்ல. செப்டம்பர் 11ஆம் நாள் பெய்த மழையும் மெல்லிய பனியுமே அடக்கின. பூங்காவில் ஏறத்தாழ எட்டு லட்சம் ஏக்கர், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல், தீயின் எல்லைக்குள் வந்தது.

நாடெங்கும் மக்கள் கொதித்தார்கள். எரிய விடும் கொள்கையே கூடாது என்றார்கள். பல ஆண்டு விவாதத்துக்குப் பின், 1992இல் கொள்கையை வைத்துக்கொண்டு கட்டுப்பாடுகளை இறுக்கினார்கள்.

அண்மைக் கதையும் ஒன்று உண்டு. 2025 ஜூலை 4ஆம் நாள், அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் பெரும் பள்ளத்தாக்கின் வடகரையில் மின்னல் ஒரு தீயை மூட்டியது. முதல் சில நாட்கள் அதை எல்லைக்குள் நிறுத்தி வைக்கும் முறையையே கையாண்டார்கள். ஒரு வாரத்தில் காற்று திடீரெனப் பலத்து வீசத் தீ எல்லையைத் தாண்டியது. 1937இல் மீண்டும் கட்டப்பட்ட புகழ்பெற்ற விடுதியும் வேறு பல கட்டிடங்களும் சாம்பலாயின. முன்னதாகவே எல்லாரையும் வெளியேற்றிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. தீ கடைசியில் சுமார் 1,45,000 ஏக்கர் வரை பரவியது. கட்டிடங்கள் அத்தனை அருகில் இருக்கையில், மழைக்காலம் இன்னும் சரியாகத் தொடங்காத ஜூலையில், அந்தத் தீயை முதல் நாளே அடக்க முனைந்திருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் முடிந்த பிறகு சொல்வது எளிது. புகை நூலளவு இருக்கும்போது முடிவு எடுக்க வேண்டியவருக்கு அடுத்த வாரக் காற்று தெரியாது.

யெல்லோஸ்டோன் காடு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தீயின் சூடு மண்ணுக்குள் ஓர் அங்குலத்துக்கு மேல் பெரும்பாலும் இறங்கவில்லை. வேர்களும் கிழங்குகளும் பிழைத்தன. மறு வசந்தத்தில் புல்லும் பூவும் வந்தன. மூடியிருந்த காய்கள் திறந்து, ஏக்கருக்கு 50,000 முதல் பத்து லட்சம் வரை விதை விழுந்தது. கறுத்த கட்டைகளுக்கு நடுவே இளம் பைன்கள் நெருக்கமாக எழும்பின. யாரும் நாற்று நடவில்லை. இதைப் பார்த்து, காடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று பலர் நிம்மதி அடைந்தனர்.

2016இல் மின்னல் மூட்டிய தீ ஒன்று அதே இளங்காட்டின் ஒரு பகுதியில் புகுந்தது. அப்போது மரங்களுக்கு வயது இருபத்தெட்டு. போதிய காய் இன்னும் சேர்ந்திருக்கவில்லை. இருந்த காய்களிலும் பல தீயில் கருகிப்போயின. 1988க்குப் பின் முளைத்த அளவுக்கு அங்கே நாற்று முளைக்கவில்லை என்று ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். கோடைக் காலம் ஆண்டுக்காண்டு சூடேறி நீண்டுகொண்டு வருகிறது. நூறு, இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை வர வேண்டிய தீ முப்பது ஆண்டுக்குள் திரும்பி வந்தால் அந்த மரம் எதைக் கொண்டு முளைக்கும் என்பதை அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் இளங்காட்டில் காய் காயாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.